ஏற்கெனவே பெட் சிடி இருக்கிறதே, மறுபடி எதற்கு பிளானிங் சிடி?

கேள்வி (கடலூர் வாசகர்), 2024 ஜூலை 2

அப்பாவுக்கு 63 வயது. நாக்கின் அடிப்பகுதியில் கட்டி, இடது கழுத்தில் நெறிகட்டி இருக்கிறது. பயாப்சி முடிந்து, மூன்று வாரம் முன்பு பெட் சிடி எடுத்தோம். எம்ஆர்ஐயும் எடுத்தாயிற்று. இப்போது கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிற ஆஸ்பத்திரியில் முகத்துக்கு மாஸ்க் செய்து, அதைப் போட்டுக்கொண்டு இன்னொரு சிடி எடுக்க வேண்டும் என்கிறார்கள். எல்லா சிடியும் டிஸ்க்கில் இருக்கிறது. அதையே கம்ப்யூட்டரில் போட்டு பிளான் செய்தால் ஆகாதா? பெட் சிடிக்கே கடன் வாங்கினோம். இது கமிஷனுக்கா? விஷயம் தெரிந்தவர்கள் நேராகச் சொல்லுங்கள்.

ஜூலை 2, இரவு

கமிஷன் இல்லை. மாஸ்க் போட்டு எடுக்கும் அந்த சிடி இல்லாமல் இந்தக் காலத்துத் திட்டம் போடவே முடியாது. நான் மெடிக்கல் பிசிசிஸ்ட். கதிர் எந்தத் திசையில் எவ்வளவு போக வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் பிழைப்பு.

உங்கள் அப்பாவின் பெட் சிடி, நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேட எடுத்தது. அந்த மேசை குழிவாக இருக்கும். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதோ வைத்திருப்பார்கள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லியிருக்கவும் கூடும். சிகிச்சை மேசை அப்படி இல்லை, பலகை போலத் தட்டை. அதில் கையைப் பக்கவாட்டில் வைத்து, தோளை இறக்கி, தாடையை ஒரே கோணத்தில் வைத்து ஏழு வாரம் படுக்கப் போகிறார். வாரம் ஐந்து நாள், மொத்தம் 35 முறை, 70 கிரே (கதிர் அளவின் அலகு) என்பது இந்த நோய்க்கு வழக்கமான அளவு. கையைத் தூக்கினால் தோள் ஏறும், கழுத்து மடிப்பு மாறும், தாடைக் கோணம் மாறும், கணுக்கள் (நெறிகட்டும் இடங்கள்) தண்டுவடத்தோடு ஒப்பிட்டால் வேறு இடத்தில் நிற்கும். நாங்கள் பிழைக்கு விடும் விளிம்பு 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். பழைய படத்தில் போட்ட திட்டம் பழைய படுக்கையில் படுத்திருக்கும் அப்பாவுக்குத்தான் பொருந்தும்.

பழைய படங்கள் வீணாகப் போகாது. பெட், எம்ஆர்ஐ இரண்டின் டிஸ்க்கையும் கொண்டு போங்கள். பிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் போதாது, டிஸ்க் வேண்டும். புதிய சிடியின் மேல் அவற்றைப் பொருத்தித்தான் டாக்டர் கட்டியின் எல்லையை வரைவார். காப்பீட்டு அட்டை இருந்தால், கதிர்வீச்சு பேக்கேஜுக்குள்ளேயே பிளானிங் சிடி அடங்குமா என்று கவுன்டரில் முதலில் கேட்டுவிடுங்கள்.

ஜூலை 3

பெங்களூரு மென்பொருள் நண்பர் ஒருவர், "வளைந்த கழுத்தை மென்பொருளில் நிமிர்த்தினால் போகிறது, படம் படம்தானே" என்கிறார். நிமிர்த்துகிற மென்பொருள் இருக்கிறது, நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் படம் படம் மட்டும் இல்லை.

சிடியின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, எலும்பு என்றால் நூற்றுக்கணக்கில் மேலே போகும். ஹவுன்ஸ்பீல்டு எண். கதிர் உடலுக்குள் எவ்வளவு தடைபடும் என்பதை இந்த எண்ணை எலக்ட்ரான் அடர்த்தியாக மாற்றித்தான் கணக்கிடுகிறோம். அந்த மாற்று அட்டவணை ஒவ்வொரு ஸ்கேனருக்கும் தனி. எலும்பு, நுரையீரல், கொழுப்பு போன்ற அடர்த்தியுள்ள உருளைகள் செருகிய மாதிரி ஒன்றை எங்கள் ஸ்கேனரில் வைத்து, ஒரு குறிப்பிட்ட கிலோவோல்ட்டில் எடுத்து, அட்டவணை தயார் செய்து வைத்திருப்போம். வேறு ஊர் ஸ்கேனரில் வேறு கிலோவோல்ட்டில் எடுத்த படத்துக்கு அந்த அட்டவணையை நம்ப முடியாது. எம்ஆர்ஐயில் இந்த எண்ணே கிடையாது. அது ஹைட்ரஜன் அணுக்களின் சமிக்ஞை, அடர்த்தியைப் பற்றி நேராக எதுவும் சொல்லாது.

சிடியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்பீல்டு முதல் நோயாளியைப் படமெடுத்தது 1971 அக்டோபரில், லண்டனில் ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில். தலை மட்டும்தான். 1979-இல் நோபல். மனிதர் இசைத்தட்டு விற்ற இஎம்ஐ கம்பெனியில் பொறியாளர். சும்மா சொல்லி வைத்தேன்.

ஜூலை 3, அப்புறம்

மேலே எழுதியதற்கு ஒரு விலக்கு உண்டு. சில மையங்களில் பெட் சிடியையே தட்டை மேசை வைத்து, மாஸ்க் போட்டு, லேசர் கோட்டில் நேராக்கி எடுக்கிறார்கள். அந்த ஸ்கேனருக்கும் அட்டவணை தயாராக இருந்தால் ஒரே படத்தில் இரண்டு வேலையும் முடியும். கதிர்வீச்சுதான் முதல் சிகிச்சை என்று ஆரம்பத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும், கதிர்வீச்சுப் பிரிவும் பெட் பிரிவும் ஒன்றோடொன்று பேசியிருக்க வேண்டும். நம் ஊரில் பயாப்சி ஓர் இடம், பெட் ஓர் இடம், கரண்ட் இன்னோர் இடம். கடலூர்க்காரர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி மூன்று வாரத்துக்கு முன்னால் வந்திருந்தால் ஒரு ஸ்கேன் மிச்சமாகியிருக்கலாம்.

ஜூலை 5

மாஸ்க் நாளைப் பற்றி நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். இதைப் பற்றி யாரும் வீட்டாருக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை.

எங்கள் ஆட்கள் அதை ஆர்ஃபிட் என்பார்கள். அது ஒரு கம்பெனியின் பெயர், ஆனால் எந்தக் கம்பெனி ஷீட் வந்தாலும் அதே பெயர்தான். ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் ஷீட், 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் போட்டால் துவண்டுவிடும். நீரை வடித்து, துடைத்து, முகத்திலும் தோளிலும் இழுத்துப் படிய வைப்போம். சூடு தாங்கக்கூடியதுதான். சில நிமிடத்தில் இறுகும். மூக்கு, வாய் வழி மூச்சு விடலாம். மூடிய இடத்தில் பயம் உள்ளவர்கள் முன்கூட்டிச் சொன்னால் கண் பக்கம் வெட்டித் தருவோம்.

முதல் நாளே முகத்தை மழித்துவிட்டு வர வேண்டும். தாடியோடு மாஸ்க் செய்து, பத்து நாள் கழித்து அரிக்கிறது என்று எடுத்துவிட்டால் மாஸ்க் தொளதொளக்கும். பெண்கள் கொண்டை போட்டுக்கொண்டு வந்து படுத்தால் தலை ஒரு விரற்கடை உயர்ந்திருக்கும், அடுத்த நாள் பின்னலோடு வந்தால் இறங்கியிருக்கும். அதனால் முடியை அவிழ்த்துவிட்டுத்தான் படுக்க வைப்போம். தோடு, மூக்குத்தி எல்லாம் போக வேண்டும், உலோகம் இருந்தால் படத்தில் கோடு கோடாக விழும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் நிறையப் பேர். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோர்த்துக்கொண்டு வரச் சொல்வோம், அதில் எங்களுக்கு ஆட்சேபணை கிடையாது. மாமியார்கள்தான் பஞ்சாயத்துக்கு வருவார்கள்.

பல் டாக்டரை மாஸ்க்குக்கு முன்னால் பார்த்தாக வேண்டும். பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, ஈறு ஆற இரண்டு வாரமாவது தேவை. கதிர் வாங்கிய தாடை எலும்பில் பின்னால் பல் பிடுங்கினால் அது ஆறாமல் எலும்பே செத்துப்போகும் ஆபத்து உண்டு. மூக்கு வழியாக உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப் தேவைப்படும் என்று தெரிந்தால் அதையும் முன்னாலேயே போட்டுவிட்டால் நல்லது. தொண்டையில் மூச்சு விடுவதற்கான டிரக்கியாஸ்டமி ஓட்டை இருந்தால் மாஸ்க்கில் அந்த இடத்தை வெட்டி எடுப்போம்.

படம் எடுக்கும்போது மாஸ்க்கின் மேல் மூன்று சிறு ஈயக் குண்டுகளை ஒட்டி, லேசர் கோடுகள் சந்திக்கும் இடத்தைக் குறிப்போம். உச்சந்தலையிலிருந்து காறை எலும்புக்குக் கீழே வரை, 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளியில் துண்டுகள். கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை) சரியாக இருந்தால் நரம்பில் அயோடின் மருந்து போடுவோம், இரத்தக்குழாயும் கணுவும் பிரிந்து தெரிவதற்காக. வாயில் உலோகப் பல் கேப் இருந்தால் அந்த மட்டத்தில் படம் சிதறும். அந்த இடத்தின் எண்ணை நாங்களே கையால் தசை அளவுக்கு மாற்றி எழுதிவிட்டுத்தான் கணக்குப் போடுவோம். உங்கள் அப்பாவுக்குக் கேப் இருக்கிறதா? நாக்கு அடியில் கட்டி என்கிறீர்கள், சிதறல் சரியாக அங்கேதான் விழும்.

ஜூலை 7

"பெட்டில் எரிகிற (பளிச்சென்று தெரிகிற) இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டால் வேலை முடிந்தது, பிளானிங் சிடிக்குப் பின் சிகிச்சை தொடங்க எதற்கு பத்து நாள் காத்திருப்பு?" என்று ஒருவர். எனக்கு இந்த இழையில் சொல்ல வேண்டியதே இதுதான். எந்த இயந்திரம் என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். கோட்டை யார் வரைகிறார் என்று யாரும் கேட்பதில்லை. இன்றைய லினாக் (கதிர் பாய்ச்சும் இயந்திரம்) மில்லிமீட்டர் சுத்தமாகக் கதிரைக் கொண்டுசேர்க்கும். தவறான கோட்டுக்குள்ளும் அதே சுத்தத்தோடு கொண்டுசேர்க்கும்.

பெட் காட்டுவது சர்க்கரை எங்கே அதிகம் செலவாகிறது என்பதை. புளோரின்-18 ஒட்டிய குளுக்கோஸ், அரை ஆயுள் 110 நிமிடம், அதனால்தான் காலையில் மருந்து வரும்வரை எல்லோரையும் காக்க வைக்கிறார்கள். சர்க்கரையைப் புற்றுநோய் மட்டும் தின்பதில்லை. சொத்தைப் பல்லின் ஈறு எரியும். பயாப்சி எடுத்த புண் எரியும். டான்சில் இயல்பாகவே கொஞ்சம் எரியும். ஊசி போட்டபின் காத்திருக்கும் நேரத்தில் சம்பந்தியோடு போனில் பேசித் தீர்த்தால் குரல்வளைத் தசை எரியும். பாக்கு மென்றால் தாடைத் தசை எரியும். ஏசியில் குளிர்ந்து நடுங்கினால் கழுத்தோரப் பழுப்புக் கொழுப்பு எரியும், அது கணு இருக்கும் அதே இடம். மாறாக, நடுவில் அழுகிப்போன பெரிய கணு வெறும் வளையமாகத் தெரியும், நடுப்பகுதி காலியாகத் தோன்றும்.

அப்புறம் ஓரம். பெட் படத்தின் ஓரம் மேகத்தின் ஓரம் மாதிரி. திரையில் நிற அளவைத் திருகினால் 4 சென்டிமீட்டர் கட்டி 3 ஆகும், இன்னும் திருகினால் 5 ஆகும். உச்ச அளவில் 40 சதவீதத்தில் கோடு போடலாமா 50 சதவீதத்திலா என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இல்லை.

2004-இல் பிரஸ்ஸல்ஸில் டெய்னும் குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று. குரல்வளைப் பகுதிக் கட்டிக்காக அறுவை சிகிச்சை செய்யப்போகிறவர்களுக்கு சிடி, எம்ஆர்ஐ, பெட் மூன்றும் எடுத்து, அறுத்தெடுத்த உறுப்பையே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அப்படி உறுப்போடு ஒப்பிட முடிந்தது 9 பேருக்கு. உண்மைக்கு அருகில் வந்தது பெட். சிடியும் எம்ஆர்ஐயும் கட்டியை இன்னும் பெரிதாகக் காட்டின. ஆனால் சளிச்சவ்வின் மேல் மெல்லிய படலமாகப் பரவியிருந்த நோயை மூன்றுமே முழுதாகப் பிடிக்கவில்லை. 9 பேர் சின்ன எண்ணிக்கைதான். இருந்தாலும் இப்படி உறுப்பை வைத்தே ஒப்பிட்ட வேலை அரிது, அதனால் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

படலம் படத்தில் தெரியாது, கண்ணில் தெரியும். அதனால்தான் ஸ்கோப் போட்டுப் பார்க்கிறார்கள், நாக்கை விரலால் தடவிப் பார்க்கிறார்கள். "நடுக்கோட்டைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் கெட்டியாக இருக்கிறது" என்று ஓபி சீட்டில் ஒரு வரி இருந்தால், பெட்டில் நடுக்கோடு சுத்தமாகத் தெரிந்தாலும் எங்கள் டாக்டர் கோட்டைத் தாண்டித்தான் வரைவார். நான் அவரோடு சண்டை போட்டதில்லை.

கோடுகள் ஒன்றல்ல. கண்ணுக்கும் படத்துக்கும் தெரியும் கட்டி முதல் கோடு. படத்தில் தெரியாத நுண்பரவலுக்காக அதைச் சுற்றி 5 மில்லிமீட்டர், அதற்கும் வெளியே இன்னொரு 5 மில்லிமீட்டர் குறைந்த அளவுக் கதிருக்கு, என்று 2018-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எழுதிய வழிகாட்டி இருக்கிறது. எலும்பு, காற்று என்று நோய் போகாத இடங்களில் அதை வெட்டிக்கொள்ள வேண்டும். கழுத்துக் கணுக்களுக்குத் தனி வரைபடம், 2003-இல் வந்து 2013-இல் புதுப்பித்தது. எல்லாவற்றுக்கும் வெளியே, படுக்கும்போது வரும் பிழைக்காக நான் சேர்க்கும் சில மில்லிமீட்டர். இதோடு தண்டுவடம், மூளைத்தண்டு, உமிழ்நீர்ச் சுரப்பிகள், தாடை, காது, குரல்வளை, உணவுக்குழாய் வாசல் எல்லாவற்றையும் துண்டு துண்டாக வரைய வேண்டும். நூற்றுக்கும் மேல் துண்டுகள். பத்து நாள் சும்மா போவதில்லை.

ஜூலை 7, தூக்கம் வராமல்

கோடு முக்கியம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். டிரபசமின் என்ற மருந்தைக் கதிர்வீச்சோடு சேர்த்தால் பலன் உண்டா என்று பல நாடுகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. மருந்தால் பலன் இல்லை. ஆனால் அதில் எல்லா நோயாளிகளின் கதிர்வீச்சுத் திட்டங்களையும் நிபுணர்கள் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். 2010-இல் லெஸ்டர் பீட்டர்ஸ் தலைமையில் வெளியிட்டார்கள். திட்டத்தில் பெருங்குறை இருந்தவர்களில் இரண்டு ஆண்டு உயிரோடிருந்தது 50 சதவீதம். சரியான திட்டம் பெற்றவர்களில் 70 சதவீதம். அந்தச் சோதனையில் ஐந்து பேருக்கும் குறைவாகச் சேர்த்த மையங்களில் பெருங்குறை ஏறக்குறைய 30 சதவீதம், இருபதும் அதற்கு மேலும் சேர்த்த மையங்களில் 5 சதவீதம் சொச்சம்.

மருந்தைச் சோதிக்கப் போய்க் கோட்டைச் சோதித்தார்கள். எங்கள் துறையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது இதைத்தான். நோயாளி வீட்டார் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான்: தலை, கழுத்து நோயாளிகளை அதிகம் பார்க்கும் இடத்துக்குப் போங்கள். புது மெஷின் வந்திருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம்.

ஜூலை 8

ரேடியாலஜிஸ்ட் ஒருவர் வந்து, நான் எம்ஆர்ஐயைப் போகிறபோக்கில் ஒதுக்கிவிட்டதாகக் கோபிக்கிறார். நியாயம்தான், அடர்த்தி எண் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

நாக்குத் தசைக்குள் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, மூக்கின் பின்பக்கக் கட்டி மண்டையோட்டு அடித்தளத்துக்குள் நுழைந்ததா, முக நரம்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறதா, எலும்பு மஜ்ஜை பாதித்ததா, இதற்கெல்லாம் எம்ஆர்ஐக்கு ஈடு இல்லை. பல் கேப் சிதறலும் அதில் பொதுவாக அந்த அளவுக்குத் தொந்தரவு தராது. நரம்பு வழி ஏறும் நோயை சிடியில் தவறவிட்டால், கபால அடியில் ஒரு சின்னத் துளை வழியாகப் பின்னால் திரும்பி வரும்.

எனக்கு உள்ள சங்கடம் பொருத்துவதில். எம்ஆர்ஐயில் கழுத்து ஒரு வளைவு, பிளானிங் சிடியில் வேறு வளைவு. மண்டையோட்டைப் பொருத்தினால் கழுத்து விலகும், கழுத்தைப் பொருத்தினால் தாடை விலகும். நாக்கு யார் சொல்லையும் கேட்காது. அதனால் எந்த இடம் வேண்டுமோ அந்த இடத்தில் மட்டும் பொருத்தி, அங்கே வரைந்துவிட்டு, மற்ற இடத்துக்கு மறுபடி பொருத்துகிறோம். ரேடியாலஜிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. அவர்கள் வர மாட்டார்கள், அது வேறு கதை. (வருகிறேன் என்கிறார். பார்ப்போம்.)

ஜூலை 9

"ஏஐ வரையாதா?" வரைகிறது. கூகுள் டீப்மைண்ட், லண்டன் யூசிஎல் மருத்துவமனையோடு சேர்ந்து தலை, கழுத்து உறுப்புகளை வரைய வைத்தது 2018 வாக்கிலேயே. இப்போது விலைக்கு வாங்குகிற மென்பொருள்கள் தாடை, தண்டுவடம், கண் எல்லாம் நிமிடங்களில் வரைந்துவிடும், பெரும்பாலும் நன்றாகவே. கன்னத்தில் அறுவை செய்து நெஞ்சுத் தசையைத் திருப்பிப் போட்டுத் தைத்திருக்கிற ஒருவரைக் கொடுத்துப் பாருங்கள், திணறும். நம்மிடம் வருகிறவர்களில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம், புகையிலை அடக்கிய கன்னம். கட்டியின் கோடு இன்னும் மனிதர் கையில்தான்.

ஜூலை 15

அரசு மருத்துவமனையில் கோபால்ட் மெஷினில் (பழைய வகைக் கதிர்வீச்சு இயந்திரம்) சிகிச்சை முடித்த ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கு சிடியே எடுக்கவில்லையாம், எக்ஸ்ரே மாதிரி ஒன்று எடுத்துக் கட்டம் போட்டார்களாம். ஆறு வருடம் ஆகிறது, நோய் திரும்பவில்லை, வாய்தான் எப்போதும் வறட்சி, தண்ணீர் பாட்டில் இல்லாமல் சாப்பிட முடியவில்லை.

இதை இந்த இழையில் யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். எலும்பை அடையாளமாக வைத்து இரண்டு பக்கமும் கட்டம் போட்டுச் செய்த சிகிச்சை பல்லாயிரம் பேரைக் காப்பாற்றியிருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த பாபட்ரான் கோபால்ட் மெஷின் இன்றும் பல ஊர்களில் ஓடுகிறது. கட்டம் அகலமாக இருந்ததால் கோடு பிசகினாலும் கட்டி உள்ளேயே இருந்தது. அதன் விலையை உமிழ்நீர்ச் சுரப்பி கொடுத்தது, இரண்டு பக்கக் காதோரச் சுரப்பியும் முழு அளவு வாங்கின. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஐஸ்பிரக் குழு 1999-இல் சொன்ன கணக்குப்படி சராசரி 26 கிரேக்குள் நின்றால் சுரப்பி பிழைக்கும்.

சிடி வந்து, செறிவு மாற்றும் கதிர்வீச்சான ஐஎம்ஆர்டி வந்தபின் சுரப்பியைச் சுற்றிக் கதிரை வளைக்க முடிந்தது. பிரிட்டனின் பார்ஸ்போர்ட் சோதனையில் 94 பேர். ஓராண்டு கழித்து நடுத்தரமான அல்லது அதைவிடக் கடுமையான வாய் வறட்சி பழைய முறையில் 74 சதவீதம், ஐஎம்ஆர்டியில் 38. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 60 பேரிடம் செய்த சோதனையும் அதே திசையில்தான் வந்தது. உயிர் பிழைப்பதில் பார்ஸ்போர்ட்டில் வித்தியாசம் தெரியவில்லை. படத்தை வைத்துத் திட்டம் போடுவதால் கிடைத்த பெரிய லாபம் சாப்பாட்டுத் தட்டில்தான்: இட்லியைத் தண்ணீரில்லாமல் விழுங்குவது.

கடலூர்க்காரருக்கு: கட்டி நாக்கு அடியில், கணு இடது பக்கம். வலது சுரப்பியைக் காப்பாற்ற இடம் இருக்கும், இடது சுரப்பியின் சராசரியைப் பற்றி எதுவும் உறுதி சொல்ல மாட்டேன். திட்டம் ஒப்புதலான பின் அந்த இரண்டு எண்களையும் கேளுங்கள். சொல்ல மாட்டோம் என்று யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஜூலை 16

ஒரு கொசுறு. 2020-இல் நெதர்லாந்து புற்றுநோய் நிலையத்தில், புராஸ்டேட் புற்றுநோய்க்காக எடுத்த வேறு வகைப் பெட் படங்களில் மூக்கின் பின்னால் இரண்டு இடம் பளிச்சென்று தெரிந்தது. பிணக்கூறாய்வில் பார்த்தால் உமிழ்நீர் சுரக்கும் திசு. தனி உறுப்பென்று சொல்லலாமா கூடாதா என்று உடற்கூறியல்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். அங்கே அதிகக் கதிர் போனவர்களுக்கு வறட்சியும் அதிகம் என்பதையும் அதே குழு காட்டியது, அதுதான் எனக்குக் கவலை. முன்னூறு வருடமாக அறுத்துப் பார்த்தும் இப்படி ஒரு மூலை மிச்சம்.

ஆகஸ்ட் 27

கடலூர்க்காரர் சேதி போட்டிருக்கிறார். நான்காவது வாரம், அப்பா ஏழு கிலோ இளைத்துவிட்டார், மாஸ்க்குக்குள் முகம் ஆடுகிறது, டாக்டர் மறுபடி சிடி என்கிறார். "மறுபடியுமா?" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

ஆமாம், மறுபடியும். இதற்கும் காரணம் இருக்கிறது. தினமும் மேசையில் படுத்ததும் லினாக்கே ஒரு கோன்பீம் சிடி எடுக்கும், அதைப் பிளானிங் சிடியோடு பொருத்தி மேசையைச் சில மில்லிமீட்டர் நகர்த்துவார்கள். மேசையை நகர்த்தலாம், சுருங்கிய கழுத்தை நகர்த்த முடியாது. அமெரிக்காவின் எம்டி ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் பார்க்கர் குழு 2004-இல் 14 பேரைச் சிகிச்சைக் காலம் முழுக்கப் படமெடுத்துப் பார்த்தது. கட்டி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.8 சதவீதம் சுருங்கியது, காதோரச் சுரப்பிகளும் சுருங்கி உள்பக்கமாகச் சராசரி 3 மில்லிமீட்டர் நகர்ந்தன. உள்பக்கம் என்றால் அதிகக் கதிர் இருக்கும் பக்கம். தோல் உள்வாங்கினால் தண்டுவடத்தின் அளவும் ஏறலாம், அதற்கு உச்சவரம்பு 45 முதல் 50 கிரே.

அதற்காக எல்லோருக்கும் வாரா வாரம் புதுத் திட்டம் போட்டால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். பிரான்சில் ஆர்டிக்ஸ் என்ற சோதனையில் 132 பேரில் பாதிப் பேருக்கு வாரந்தோறும் திட்டம் மாற்றிப் பார்த்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. உமிழ்நீரில் வித்தியாசம் இல்லை. எனவே தேவைப்படுகிறவருக்கு மட்டும். மாஸ்க் ஆடுகிறது, கோன்பீமில் தோலுக்கும் மாஸ்க்குக்கும் நடுவே காற்று தெரிகிறது என்றால் அவர் தேவைப்படுகிறவர். உங்கள் அப்பா அந்த வகை. புது மாஸ்க், புது சிடி, சில நாளில் புதுத் திட்டம். அதுவரை பழையதிலேயே சிகிச்சை தொடரும், நாள் விட வேண்டாம், நாள் விடுவது இந்த நோயில் நேரடி நஷ்டம்.

அப்படியே டயட்டீஷியனையும் பாருங்கள். ஏழு கிலோவுக்கு நான் படமெடுக்க முடியும், சோறு ஊட்ட முடியாது.

ஆகஸ்ட் 28

பழைய மாஸ்க்கை வெந்நீரில் போட்டு அதையே மறுபடி வார்க்கலாமா என்று கேட்டவருக்கு: சில இடங்களில் செய்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இழுபட்டு மெலியும், பிடிப்பு குறையும். தலை, கழுத்துக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை.

அக்டோபர் 19

கடலூர்க்காரரின் அப்பாவுக்குச் சிகிச்சை முடிந்து ஐந்து வாரம். மைத்துனர் உடனே பெட் சிடி எடுத்து நோய் போய்விட்டதா என்று பார்த்துவிட வேண்டும் என்கிறாராம்.

இப்போது வேண்டாம். இந்தப் புண்ணும் வீக்கமும் பெட்டில் எரியும், அதை நோய் என்று பயந்து கத்தி வைக்கப்போவீர்கள். 12 வாரம் ஆகட்டும். பிரிட்டனில் பெட்-நெக் என்ற சோதனை, 564 பேர், 2016-இல் வெளிவந்தது. கணு இருந்தவர்களில் ஒரு பாதிக்குச் சிகிச்சைக்கு முன்னாலோ பின்னாலோ கழுத்தைத் திறந்து அறுவை, மறு பாதிக்கு 12 வாரத்தில் பெட் எடுத்துத் தேவைப்பட்டால் மட்டும் அறுவை. இரண்டு ஆண்டில் உயிரோடிருந்தவர்கள் அறுவைப் பக்கம் 81.5 சதவீதம், பெட் பக்கம் 84.9. அறுவைகள் முதல் பக்கம் 221, இரண்டாம் பக்கம் 54. காத்திருந்ததால் யாருக்கும் குறைந்துவிடவில்லை. நடுவில் கழுத்தில் புதிதாகக் கட்டி தெரிந்தாலோ, இரத்தம் வந்தாலோ, வலி ஏறினாலோ தேதி பார்க்காமல் டாக்டரிடம் போங்கள், அது வேறு.

போகும்போது பழைய டிஸ்க்கைக் கொடுங்கள், முடிந்தால் பழைய அதே மையத்தில் எடுங்கள், இரண்டையும் ஒப்பிட எளிது. சர்க்கரை 200-க்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊசி போட்டபின் போன் பேச வேண்டாம் என்று மைத்துனரிடமே சொல்லி வையுங்கள்.

அக்டோபர் 20

விட்டுப்போனது. கழுத்தில் கதிர் வாங்கியவர்களில் பலருக்குத் தைராய்டு மெதுவாகப் படுத்துவிடும், ஓராண்டு இரண்டாண்டு கழித்துக்கூட. சோர்வு, உடம்பு வீக்கம் என்று வரும்போது எல்லோரும் புற்றுநோய் திரும்பிவிட்டதோ என்று ஸ்கேனுக்கு ஓடுகிறார்கள். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை டிஎஸ்ஹெச் இரத்தப் பரிசோதனை செய்தால் போதும், சில நூறு ரூபாய்.